பி.டி.எச். நார்மல்தான், பிறகு கால்சியம் ஏன் ஏறுகிறது?

கேள்வி: என் ஆத்தாவுக்கு 57 வயது. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஊர்வீட்டில் அப்பச்சியோடு (அப்பாவோடு) இருக்கிறார்கள். நான்கு வருடத்தில் இரண்டு முறை சிறுநீரகக் கல் வந்துவிட்டது. போன மாசியில் வளவில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது. கை கூடியும் உடம்பு தேறவில்லை. அசதி, கை கால் வலி, மலச்சிக்கல். மணகோலம், சீப்புச்சீடை என்று பகல் முழுக்க அடுப்படியில் நிற்பவர்கள், இப்போது சோறு வடித்ததும் உட்கார்ந்துவிடுகிறார்கள். மதுரையில் மாஸ்டர் செக்கப் செய்ததில் கால்சியம் 11.1. எலும்பு முறிவுக்காகக் கொடுத்த கால்சியம் மாத்திரைதான் காரணம் என்று நிறுத்தச் சொன்னார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் 10.9 (லேப் கொடுத்த அளவு 8.6 முதல் 10.2). பி.டி.எச். என்ற ஹார்மோன் 61 (15 முதல் 65), அல்புமின் 3.6, பாஸ்பரஸ் 2.4, வைட்டமின் டி 14, கிரியேட்டினின் 0.9. தைராய்டு சரியாக இருக்கிறது. கழுத்து ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஒரு டாக்டர் ‘பி.டி.எச். நார்மல், பயமில்லை’ என்கிறார். இன்னொருவர் பாராதைராய்டு என்கிறார். வீட்டில் தைராய்டு கட்டி, கான்சர் என்று ஆளுக்கொன்று பேசுகிறார்கள். பாலை நிறுத்திவிட்டோம், வாழைத்தண்டுச் சாறு கொடுக்கிறோம். ஆத்தாவோ தையில் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்தே தீருவேன் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எண்களை ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பியதற்கு முதலில் நன்றி. ‘கால்சியம் கொஞ்சம் ஜாஸ்தி’ என்று மட்டும் எழுதியிருந்தால் என்னால் பாதிப் பதில்தான் சொல்லியிருக்க முடியும். கடிதத்தைப் பார்த்து நாடி பிடிக்க முடியாது என்றாலும் இந்த எண்களைப் பார்த்து ஒன்று சொல்வேன்: இரண்டாவது டாக்டர் சொன்ன வழியில் போங்கள்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். தைராய்டு வேறு, பாராதைராய்டு வேறு. கழுத்தில் தைராய்டுக்குப் பின்பக்கம், பெரும்பாலும் நான்கு, ஒவ்வொன்றும் ஓர் அரிசி அளவில் ஒட்டிக்கொண்டிருப்பவை பாராதைராய்டு சுரப்பிகள். பக்கத்து வீடு என்பதைத் தவிர தைராய்டுக்கும் அவற்றுக்கும் வேலையில் சம்பந்தமில்லை. அதனால்தான் தைராய்டுப் பரிசோதனையான டி.எஸ்.எச். சரியாக இருக்கிறது என்பது இந்த விஷயத்தில் ஆறுதலும் இல்லை, கவலையும் இல்லை. இவ்வளவு சிறியவை என்பதால் மருத்துவர்களின் கண்ணிலேயே வெகுகாலம் படவில்லை. லண்டன் மிருகக்காட்சிசாலையில் இறந்துபோன ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்தபோதுதான் ரிச்சர்ட் ஓவன் முதலில் இதைக் கவனித்தார். மனிதர்களில் கண்டு எழுதியவர் ஸ்வீடனில் உப்சாலாவில் மருத்துவ மாணவராக இருந்த இவார் சாண்ட்ஸ்ட்ரோம், 1880-இல்.

இந்தச் சுரப்பிகளின் ஒரே வேலை, ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்வது. குறைந்தால் பி.டி.எச். என்ற ஹார்மோனைச் சுரக்கும். அது எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்தில் விடும். சிறுநீரில் போகும் கால்சியத்தைத் தடுத்துத் திருப்பும், பாஸ்பரஸை வெளியே தள்ளும். வைட்டமின் டி-யைச் சிறுநீரகத்தில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றி, குடல் வழியாகவும் கால்சியத்தை உள்ளே இழுக்க வைக்கும். ரத்தத்தில் கால்சியம் போதுமான அளவுக்கு வந்ததும் சுரப்பி அடங்கிவிட வேண்டும்.

‘பி.டி.எச். நார்மல்’ என்ற பேச்சில் தவறு நடப்பது இந்த ‘அடங்கிவிட வேண்டும்’ என்ற இடத்தில்தான். உங்கள் வீட்டு மாடித் தொட்டி நிரம்பி, தண்ணீர் சுவரில் வழிந்து முற்றத்தில் கொட்டுகிறது. கீழே மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. எலக்ட்ரீசியன் வந்து மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, ‘மோட்டார் வழக்கமான வேகத்தில்தான் ஓடுகிறது, பழுதில்லை’ என்றால் ஒத்துக்கொள்வீர்களா? நிரம்பிய தொட்டிக்கு மோட்டார் நின்றிருக்க வேண்டும். அதுபோல, கால்சியம் 11-ஐத் தொடும் உடம்பில் நல்ல சுரப்பியாக இருந்தால் பி.டி.எச். 15-க்குக் கீழே போய்ப் படுத்திருக்கும். 61 என்பது லேப் அச்சடித்த எல்லைக்குள் இருக்கிறது என்பதால் தடித்த எழுத்தில் வரவில்லை, அவ்வளவுதான். லேப் அந்த எல்லையைக் கணக்கிட்டது கால்சியம் சரியாக உள்ளவர்களை வைத்து. ஆத்தாவுக்கு அந்த எல்லை பொருந்தாது.

அதோடு, 10.9 என்பதும் முழுக் கணக்கு இல்லை. ரத்தத்தில் உள்ள கால்சியத்தில் ஏறக்குறைய பாதி அல்புமின் முதலிய புரதங்களின் முதுகில் ஏறித்தான் சுற்றுகிறது. அல்புமின் குறைவாக இருந்தால் கால்சியமும் குறைவாகக் காட்டும். அதற்கு ஒரு சின்ன திருத்தம் உண்டு: 4-இலிருந்து அல்புமின் அளவைக் கழித்து, 0.8-ஆல் பெருக்கி, கால்சியத்தோடு கூட்ட வேண்டும். ஆத்தாவுக்கு 0.4 பெருக்கல் 0.8, அதாவது 0.3 சேரும். ஆக 11.2. மாத்திரையை நிறுத்தி ‘குறைந்ததாக’ நீங்கள் நினைத்த கால்சியம் இன்னும் எல்லைக்கு நன்றாக மேலேதான் இருக்கிறது. பாஸ்பரஸ் 2.4 என்று கீழே இறங்கியிருப்பதும் இதே கதையைத்தான் சொல்கிறது.

மாத்திரைதான் காரணம் என்ற ஊகத்தையும் இதே எண்களே தள்ளிவிடுகின்றன. மாத்திரையால் ஏறிய கால்சியமாக இருந்தால் சுரப்பி அடங்கி, பி.டி.எச். தரையில் கிடக்கும். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தாராளமாகத் தடவுகிறவர்களுக்கும், நெஞ்செரிச்சலுக்கென்று கால்சியம் கலந்த சப்பும் மாத்திரையை மிட்டாய்போல் சாப்பிடுகிறவர்களுக்கும் கால்சியம் ஏறுவதைப் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கும் பி.டி.எச். அடங்கித்தான் இருக்கும். (ஆத்தா வெற்றிலை போடுவார்களா என்று எழுதவில்லை. போட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.) புற்றுநோயால் கால்சியம் ஏறும்போதும் அப்படியே. வீட்டில் கான்சர் என்று பேசுகிறவர்களிடம் இதைச் சொல்லலாம்: பி.டி.எச். இப்படி விழித்திருப்பதே அந்தப் பயத்துக்கு எதிரான சாட்சி. பாராதைராய்டு சுரப்பியிலேயே புற்று வருவது நூற்றில் ஒன்றுக்கும் கீழ். நூறு பேரில் எண்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு நான்கில் ஒரு சுரப்பி மட்டும் சாதாரணக் கட்டியாகப் பருத்து, யார் பேச்சையும் கேட்காமல் சுரந்துகொண்டிருக்கும். மற்றவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சுரப்பிகள் பருத்திருக்கும்.

அடுத்து வைட்டமின் டி 14. ‘வைட்டமின் டி குறைந்ததால்தான் பி.டி.எச். ஏறுகிறது’ என்று யாராவது சொல்லக்கூடும். வைட்டமின் டி குறைந்தால் பி.டி.எச். ஏறும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது கால்சியம் கீழே இருக்கும், அல்லது சராசரியில் இருக்கும். மேலே ஏறாது. மாறாக, வைட்டமின் டி குறைவு இந்த நோயை மூடி மறைக்கும். பாராதைராய்டு பருத்திருந்தும் கால்சியம் சரியாக வந்து ஏமாற்றியவர்கள் எத்தனையோ பேர். வெயிலுக்குப் பஞ்சமில்லாத சீமையில் வைட்டமின் டி எப்படிக் குறையும் என்று கேட்பீர்கள். வெயில் முற்றத்தில் விழுகிறது, ஆத்தா இரண்டாங்கட்டில் இருக்கிறார்கள்; வெளியே வந்தாலும் புடவை மூடியிருக்கிறது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேரின் கதை இதுதான்.

இந்தக் குறையை நிரப்ப வேண்டும், ஆனால் மெதுவாக. மருந்துக்கடையில் கேட்டால் வாரம் ஒரு 60,000 யூனிட் பொட்டலம் கையில் வந்துவிடும். கால்சியம் ஏற்கெனவே 11-இல் இருப்பவருக்கு அதை யாரும் பார்க்காமல் கொடுக்கக் கூடாது. தினம் 1,000 யூனிட் போன்ற சிறிய அளவில் தொடங்கி, இடையில் கால்சியத்தைப் பார்த்துக்கொண்டு, 30-க்கு மேலே கொண்டுவருவதே பத்திரமான வழி. எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர் எழுதட்டும்.

இனிச் செய்ய வேண்டிய பரிசோதனைகள். முதலாவது, கால்சியம், அல்புமின், பி.டி.எச். மூன்றையும் ஒரே நாளில், ஒரே குத்தலில் எடுத்து இன்னொரு முறை உறுதி செய்வது. ஒரு மாதம் கால்சியம், இன்னொரு மாதம் பி.டி.எச். என்று தனித்தனியே எடுத்து ஒட்டவைத்துப் படிக்கக் கூடாது. காலையில் வெறும் வயிற்றோடு போகட்டும், தண்ணீர் மட்டும் குடித்துக்கொள்ளலாம். ரத்தம் எடுக்கிறவர் கையில் ரப்பரை இறுகக் கட்டி, ‘மூடித் திறங்கம்மா, மூடித் திறங்கம்மா’ என்று வெகுநேரம் நரம்பு தேடினால் கால்சியம் பொய்யாகவே கொஞ்சம் ஏறிக் காட்டும். பி.டி.எச். சீக்கிரம் கெட்டுப்போகும் ஹார்மோன். நம் ஊர்க் கலெக்‌ஷன் சென்டரில் எடுத்த ரத்தம் வெயிலில் பஸ்ஸில் ஏறிப் பெருநகர லேபுக்குப் போகிறது என்றால், ஊதா மூடிக் குப்பியில் எடுத்து, குளிர்ச்சியில் வைத்து அனுப்புகிறார்களா என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை ஏதாவது சாப்பிட்டால், பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். சில லேப் முறைகளில் அது பி.டி.எச்.-ஐக் குறைத்துக் காட்டும்.

இரண்டாவது, பலரும் தட்டிக்கழிக்கும் ஒன்று: 24 மணி நேரச் சிறுநீர். பிறவியிலேயே கால்சியம் சற்று மேலே நிற்கும் பரம்பரை வகை ஒன்று இருக்கிறது. அவர்களுக்கும் ரத்தத்தில் இதே மாதிரி எண்கள்தான் வரும், ஆனால் சிறுநீரில் கால்சியம் மிகக் குறைவாகப் போகும். பெரும்பாலும் அது உடம்புக்குத் தொந்தரவு தராது. அறுவையால் சரியாகவும் ஆகாது. அவர்களைத் தெரியாமல் அறுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தச் சோதனை. ஆத்தாவுக்குக் கல் வந்திருப்பதால் அந்த வகையாக இருக்காது என்றே நினைக்கிறேன். ஆனாலும் செய்துவிட வேண்டும். முறை எளிது. காலையில் எழுந்ததும் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு போவதையெல்லாம் லேப் கொடுத்த கேனில் சேர்க்க வேண்டும். மறுநாள் காலை எழுந்ததும் போகும் முதல் சிறுநீரையும் அதில் சேர்த்து முடிக்க வேண்டும். விசேஷ வீடு, கோயில் என்று அலையும் நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு தடவை விட்டுப்போனாலும் கணக்குத் தப்பு. வைட்டமின் டி ஓரளவு நிரம்பிய பிறகு எடுத்தால் கணக்கு நம்பும்படி இருக்கும். கூடவே குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் கல், கழுத்து அறுவை, தீராத வயிற்றுப்புண் உண்டா என்று பங்காளிகள், தாயபிள்ளைகள் வரை விசாரித்து வையுங்கள்.

மூன்றாவது எலும்பு. நின்ற நிலையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பழியைத் தரையின் மேல் போட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஆத்தங்குடிக் கல் ஈரமானால் வழுக்கும்தான், ஆனால் அந்த வளவில் விழுந்தவர்கள் எல்லோருக்கும் எலும்பு முறிந்ததா? நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்தால் எலும்பின் பலத்தைப் பார்த்தே ஆக வேண்டும். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கும்போது முதுகும் இடுப்பும் மட்டும் போதாது, முன்கை எலும்பையும் சேர்த்து எடுக்கச் சொல்லி எழுதி வாங்குங்கள். பாராதைராய்டு நோய் அதிகம் அரிப்பது கெட்டியான வெளி எலும்பை. அது முன்கையில்தான் முதலில் தெரியும். வழக்கமான டெக்ஸாவில் முன்கை இருக்காது. முறிந்தது இடது கை என்பதால் வலது கையை எடுக்கட்டும். வயிற்று ஸ்கேனில் சிறுநீரகத்தில் இப்போது கல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

இப்போது, கழுத்து ஸ்கேனில் ஒன்றுமில்லை என்ற விஷயம். உங்களை அதிகம் குழப்பியது இதுதான் என்று தெரிகிறது. இந்த நோயைக் கண்டுபிடிப்பது ரத்தம், ஸ்கேன் இல்லை. சர்ஜனுக்கு ‘எந்தப் பக்கம் கத்தி வைக்கலாம்’ என்று வழிகாட்டத்தான் ஸ்கேன். அறுவை முடிவான பிறகு செய்ய வேண்டியதை நம்மூரில் முதலிலேயே செய்து, ‘ஒன்றுமில்லை’ என்று வந்ததும் நோயே இல்லை என்று அனுப்பிவிடுகிறார்கள். இது எனக்கு நெடுநாள் வருத்தம். அரிசி அளவிலிருந்து ஒரு மொச்சை அளவுக்குப் பருத்த சுரப்பி, எடுப்பவர் கை தேர்ந்ததாக இல்லாவிட்டால் அல்ட்ராசவுண்டில் தப்பிவிடும். தைராய்டுக்கு வெகு பின்னால் போயிருக்கலாம், மார்புக்குள்ளேயே இறங்கியிருக்கலாம். அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டெல் என்று ஒரு கப்பல் கேப்டன் இருந்தார். எலும்பெல்லாம் இளகி உயரமே குறைந்துபோனவர். கழுத்தில் ஆறு முறை அறுத்தும் அகப்படாத கட்டி, 1932-இல் ஏழாவது முறை மார்பைத் திறந்தபோதுதான் அகப்பட்டது. பாவம், அவர் அதிக நாள் இருக்கவில்லை. இன்றைக்கு அந்த நிலை இல்லை. செஸ்டாமிபி என்ற அணு ஸ்கேன், அதுவும் போதாவிட்டால் நான்கு பரிமாண சி.டி. என்று இருக்கின்றன. இரண்டு ஸ்கேனும் ஒரே இடத்தைக் காட்டினால் சின்னக் கீறலில் முடியும். எதுவுமே காட்டாவிட்டாலும் பழகிய சர்ஜன் நான்கு சுரப்பிகளையும் கண்ணால் பார்த்துப் பருத்ததை எடுத்துவிடுவார். ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் பாராதைராய்டு சந்தேகம் இருப்பதைச் சொல்லி, நாளமில்லாச் சுரப்பி டாக்டரைக் கேட்டுவிட்டு மேலே போங்கள்.

அறுவை வேண்டுமா? நோய் உறுதியானால், சிறுநீரகக் கல் ஒன்றே போதும், அறுவையைச் சொல்ல. கால்சியம் மேல் எல்லையைவிட 1 அளவுக்கு மேல் கூடியிருப்பது, எலும்பு மெலிவு, முதுகெலும்பு முறிவு, சிறுநீரகச் செயல் குறைவு, 50 வயதுக்குள் இருப்பது ஆகியவையும் தனித்தனியே காரணங்கள்தான். பழகிய கையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் முழுக்கக் குணமாகிறது. பி.டி.எச். சில நிமிடங்களிலேயே ரத்தத்தில் பாதியாகக் கரைந்துவிடும் என்பதால், கட்டியை எடுத்துப் பத்து நிமிடத்தில் அங்கேயே ரத்தம் பார்த்து, பாதிக்குக் கீழே இறங்கிவிட்டதா என்று உறுதி செய்துகொண்டு தையல் போடும் வசதி பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது. குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது. அது அடிபடும் அபாயம் சிறிது என்றாலும் உண்டு. அறுவைக்குப் பிறகு சில நாள் கால்சியம் இறங்கி, உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு வரலாம். அதற்கு மாத்திரை கொடுப்பார்கள். ஆகவே, தைராய்டு அறுவை செய்கிறவர் என்பதோடு நிற்காமல், ‘பாராதைராய்டு எத்தனை செய்திருக்கிறீர்கள்?’ என்று கேட்டே தேர்ந்தெடுங்கள். மதுரையிலும் திருச்சியிலும் விசாரியுங்கள். வேலூர் சி.எம்.சி.யிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் இதற்கென்றே தனி அறுவைத் துறை இருக்கிறது. அறுவை முடியாதவர்களுக்குக் கால்சியத்தை இறக்கவும் எலும்பைத் தாங்கவும் மருந்துகள் உண்டு, ஆனால் அவை கட்டியைக் கரைக்காது.

கல்லும் எலும்பும் அறுவைக்குப் பிறகு தேறும் என்று தைரியமாகச் சொல்வேன். அசதியும் மனச்சோர்வும் போகுமா என்பதில் அவ்வளவு உறுதி தர மாட்டேன். சிலர் மறுமாதமே பழைய ஆளாகிவிடுகிறார்கள், சிலருக்கு அசதிக்கு வேறு காரணமும் இருக்கிறது.

பாலை நிறுத்த வேண்டாம். சாப்பாட்டில் கால்சியத்தைக் குறைத்தால் சுரப்பி இன்னும் முனைப்பாக எலும்பைச் சுரண்டும். பால், மோர், கேழ்வரகு, கீரை எல்லாம் வழக்கப்படி இருக்கட்டும். வாழைத்தண்டுச் சாறு கெடுதல் இல்லை, அதில் உள்ள தண்ணீர் நல்லது. ஆனால் கல்லை உண்டாக்கும் வேலை கழுத்தில் நடந்துகொண்டிருக்கும்போது வாழைத்தண்டு என்ன செய்யும்? நாலு வருடமாக போர்வெல் தண்ணீரைக் குறை சொல்லியிருப்பீர்கள். இரண்டாவது கல்லின்போதே யாராவது கால்சியம் பார்த்திருக்க வேண்டும்.

பழனி நடையைப் பற்றி. ஆத்தா கோபித்துக்கொண்டாலும் இந்தத் தையில் வேண்டாம் என்றுதான் சொல்வேன். உடம்பில் தண்ணீர் குறைந்தால் கால்சியம் மளமளவென்று ஏறும். பகல் வெயிலில் நாள்கணக்காக நடந்து, வழியில் வாந்தியோ வயிற்றோட்டமோ வந்தால் சமாளிப்பது கஷ்டம். விழுந்தால் இன்னொரு எலும்பு. காவடியோடு காரில் போய் வழியில் அன்னதானப் பந்தியில் பரிமாறட்டும், முருகன் அதையும் நடையாகவே எழுதிக்கொள்வார். இடையில் எப்போதாவது வாந்தி, அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், பேச்சில் தடுமாற்றம், அரைத் தூக்கம் என்று வந்தால் காலை வரை காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போய், ‘கால்சியம் 11 இருக்கிறது’ என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒன்று கேட்க மறந்தேன். ஆத்தாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை உண்டா? இருந்தால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் ‘எச்’ என்றோ ‘சி.டி.’ என்றோ தனி எழுத்து இருந்தால், அதில் சிறுநீர் கூட்டும் மருந்து கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த ரக மருந்து கால்சியத்தைச் சிறுநீரில் போகவிடாமல் பிடித்துவைக்கும். மனநோய்க்குத் தரும் லித்தியமும் இப்படிக் குழப்பும். நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர் வேறு மாத்திரைக்கு மாற்றி, சில வாரம் கழித்துக் கால்சியமும் பி.டி.எச்.சும் திரும்பப் பார்த்த பிறகுதான் மேலே நான் சொன்னது அத்தனையும். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.